ஜந்து உருவம் மாறுகிற விதம்

“அந்த ஜந்துக்குச் சேலை எங்கேருந்து வருது?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அழகி.

புளிக்குக் கொட்டை எடுப்பதை நிறுத்திவிட்டு, மடியில் விரித்து வைத்திருந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஜரீனா குனிந்து பார்த்தாள்.

“உடம்பு மாறுது, சரி. வானத்துக் கப்பல்ல கேப்டனா நின்னது, கேப்டன் பொண்டாட்டியா மாறிருச்சுங்கிறே, அதுவும் சரி. கட்டிக்கிற சேலைய யாரு குடுக்கா?”

“சேலையும் அதோட தோலுதான்க்கா. இங்க போட்டிருக்கு.”

“அப்பத் துவைக்கிற வேலை இல்ல,” என்றாள் அழகி. கையிலிருந்த புளியை நசுக்கிக் கொட்டையை எடுத்து எறிந்தாள்.

ஜரீனாவின் மாமியார் அமீனாவுக்கு வேறு சந்தேகம். “என்னைய மாதிரி மாறுனா, என் மூட்டுவலியும் அதுக்கு வருமா?”

“ஆள எடுத்தா நோவையும் சேத்துத்தான் எடுக்கணும் மாமி.”

“அப்ப நம்ம பக்கம் எட்டிப் பாக்காது.”

ஜரீனா ஒரு தாளைப் புரட்டினாள். இத்தனை நேரத்துக்கு ஒரு தாள் என்று கணக்காகப் புரட்டிவிடுவாள். “நாலு கண்ணு பாத்துக்கிட்டிருக்கையில அதால மாற முடியாது. தனியா ஒரு எடம் கெடைச்சாத்தான் எடுத்த உருவத்தக் கழட்டி வச்சுட்டு மூச்சு விடும்.”

“இந்த வீட்டுல அது ஒரு பொழுது தாங்காது,” என்றாள் மாமி.

புத்தகத்தில் இது எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் ஜரீனாவுக்குத் தெரிந்திருக்காது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். இங்கிலீஷ் ஒரு எழுத்து அறியாள். பத்தாவது படித்த பெண், இங்கிலீஷ் கதைப் புத்தகமெல்லாம் தண்ணீராகப் படிக்கும் என்று சொன்னது கல்யாணத் தரகர். பக்கத்து ஊர் சாக்கோட்டை வரைக்கும் அந்தப் பெருமையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மாமி.

கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறிய அவள் புருஷன் நாகூர் கனி, சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினான். அங்கே டெலிவிஷன் பெட்டியில் ஓடுகிற கதையாம், அதைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்களாம். அட்டையில் பாதி மனுஷ முகம். மீதிப் பாதி இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. மாமி அதை அவள் மடியில் வைத்து, “படிச்சுச் சொல்லுத்தா” என்றாள். அந்த அட்டையை வைத்துத்தான் ஜரீனா கதையை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தாள்.

மானகிரியில் போன வருஷம் இப்படிப் பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்த பெண்ணைத் தாய் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியது நியாயந்தான் என்று சொன்னவர்களில் மாமியும் ஒருத்தி.

இன்று காலை ரயிலில்தான் நாகூர் கனி வந்து இறங்கியிருந்தான். பெரியவர்கள் இருக்க, பகலில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற வழக்கமில்லை. ஜரீனா இன்னும் அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

தூங்கி எழுந்தவன் அங்கே வந்து உட்கார்ந்தான்.

“வாய்யா நாகூரு. இங்குட்டு இவ படிக்கிறா, அங்குட்டு நீ ஆபீசுல எழுதுறே. எனக்கென்ன கொறை,” என்ற மாமி, “நீதான் பெட்டியிலயே பாத்தவனாச்சே. இவ சொல்றது சரியாயிருக்கான்னு பாரு,” என்று ஆரம்பித்தாள்.

கேப்டன், சேலை, மூட்டுவலி, ஒன்றையும் விடவில்லை. ஜரீனா இட்டுக்கட்டியதையெல்லாம் மாமி வரிசை பிசகாமல் எடுத்து வைத்தாள்.

ஜரீனா கையில் ஒட்டியிருந்த புளியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தாய் வீட்டுக்குச் சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களா, விடியட்டும் என்பார்களா என்று யோசித்தாள்.

நாகூர் கனி புத்தகத்தை வாங்கினான். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, நிதானமாகக் கண்ணை ஓட்டினான்.

“எழுத்து மாறாமச் சொல்லியிருக்கா,” என்றான்.

மாமி அழகியைப் பார்த்தாள். பார்த்தாயா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

“ஒண்ண மட்டும் விட்டுட்டா,” என்றான் நாகூர் கனி.

ஜரீனா கையை அசைக்காமல் இருந்தாள்.

“அந்த ஜந்து வேற யாரு கண்ணுக்கும் ஆப்டாது. ஆனா அதே இனத்துல இன்னொண்ணு எதிர்ல வந்து உக்காந்துச்சுன்னா, ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுக்கிரும். வெளியில சொல்லிக்கிறாதுக.”

“அப்ப கப்பல்ல ரெண்டு இருக்கா?” என்றாள் அழகி.

“ரெண்டு இருக்கு.”

“யாத்தே,” என்று மாமி கொட்டைகளை முறத்தில் அள்ள அந்தப் பக்கம் திரும்பினாள்.

அவன் புத்தகத்தை ஜரீனாவிடம் நீட்டினான். பங்குனி வெயிலிலும் மணிக்கட்டு வரை பித்தான் போட்டிருந்த சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். பழையவை கறுத்திருந்தன, புதியவை இன்னும் சிவப்பாகவே இருந்தன. ஆபீசில் எழுதுகிற கைக்கு வருவதல்ல, அடுப்படியில் வருஷக்கணக்காக நிற்கிறவர்களுக்கு வருகிற தழும்பு.

மாமி இந்தப் பக்கம் திரும்புவதற்குள், புத்தகத்தை வாங்குகிற சாக்கில், ஜரீனா அவன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள்.