சமாதானம் கொடுத்த கை

சுவாமியார் பக்கத்தவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் பகிரச் சொன்னதும் றெமிஜியஸ் வழக்கம்போல் அவசரமாகக் கைகூப்பிக் கண்ணை மூடினார்.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட் தேவாலயத் தமிழ்ப் பூசையில் அவர் எவருக்கும் கைகொடுத்ததில்லை. மரியாதைக்காரர் என்று சனம் நினைத்துக்கொண்டது. நல்லதாய்ப் போயிற்று.

இன்றைக்குப் பக்கத்தில் நின்றவன் அபிஷன். மகள் றெபேக்கா கட்டப்போகிற பெடியன். சைவக்காரன், பூசைக்கு வருவது இதுதான் முதல்தடவை. அவர் கூப்பிய கையைப் பிரித்து, வலக்கையைப் பற்றிக் குலுக்கினான்.

அவன் தன் சின்னவிரலை மடக்கியிருந்தான்.

றெமிஜியஸுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அந்தப் பிடி அமெரிக்கச் சிறையில் பிறந்தது. இளந்தாரியாக இருந்தபோது ஓர் அடிதடி வழக்கில் அவர் அங்கே உள்ளே போனார். வெள்ளையருக்கு ஒரு கூட்டம், கறுப்பருக்கு ஒன்று, மெக்சிக்கோக்காரருக்கு ஒன்று. தமிழனுக்கு? மண்ணாங்கட்டி. எதிலும் சேராத ஒரு கயானாக்காரனும் ஒரு சமோவாக்காரனும் இவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

ஒரு சண்டையில் முறிந்த இவருடைய சின்னவிரல் மடங்கியபடியே பொருந்திவிட்டது. கைகொடுக்கும்போது மற்றவர்களும் பகிடிக்கு விரலை மடக்கினார்கள். பகிடி அடையாளமாயிற்று. அடையாளத்துக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். பிறகு கொலையும் செய்தார்கள்.

றெமிஜியஸ் சாட்சி சொல்லித் தப்பி ரொறன்ரோ வந்தார். காட்டிக்கொடுத்தவனை மட்டுமல்ல, அவன் பிள்ளைகுட்டியையும் விடக்கூடாது என்பது கும்பலின் சட்டம். வீட்டில் அவர் இதைப்பற்றி மூச்சும் விடவில்லை. விரலை ஃபாக்டரி மெசின் கடித்தது என்று ஒரு பொய்.

இப்போது, காதல் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள், பாவிகள்.

"உந்தப் பிடியை ஆர் உமக்குக் காட்டினது?" என்று கேட்டார்.

பெடியன் வெட்கத்தோடு சிரித்தான். "றெபேக்காதான் அங்கிள். சின்னனிலை உங்கட கையைப் பிடிச்சுப் பிடிச்சு அவவுக்கு விரல் தானா மடங்குமாம். எங்கட ஃபமிலி ஷேக்ஹாண்ட் எண்டு சொன்னவ."

போன உயிர் திரும்பி வந்தது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அப்பாவின் ஊனத்தைக்கூட ஆசையாகப் பழகி வைத்திருக்கிறாளே, என்ரை பிள்ளை! தங்கமான பெடியனைச் சந்தேகப்பட்டது அவருக்கே வெட்கமாக இருந்தது.

மகளைப் பார்க்கத் திரும்பினார்.

றெபேக்கா பின்வரிசை வாங்கில் நின்றவர்களுக்குச் சமாதானம் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் அதே பிடிதான். அந்த வாங்கில் நரைத்த தலையோடு ஓர் ஆள், தமிழரே அல்ல, ஒவ்வொருவராகக் கைகொடுத்தபடி நகர்ந்து வந்தார். யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லை. கைகளை மட்டும் பார்த்தார்.

றெபேக்காவின் கையைப் பிடித்தவர் அதை விடவில்லை. அவருடைய சின்னவிரல் மெல்ல மடங்கியது.

பிறகு தலையை நிமிர்த்தி, அப்பா வந்திருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டார்.

றெபேக்கா சிரித்துக்கொண்டே திரும்பி, றெமிஜியஸைக் காட்டினாள்.