தட்டியில் போட்ட ஓட்டை

மார்கழி பிறந்தால் அந்த மலையில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அங்கே ஒரு கிழட்டுக் கழுதை பனியில் வெட்டவெளியிலேயே நிற்கும். பக்கத்துக் கொட்டிலில் ஒரு வெள்ளாடு தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது.

"உள்ளே வாங்கண்ணே, இடம் இருக்கு" என்று ஆடு தினமும் கூப்பிடும்.

"எனக்கென்ன குளிர்? எத்தனை பனியைப் பார்த்தவன் நான்" என்று கழுதை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மூன்று நாளாக அதற்கு ஓயாத இருமல். நான்காம் நாள் சாயங்காலம் கால் மடங்கிக் கீழே விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்தது. ஆடு பயந்துபோனது. உடனே கொட்டிலின் ஓலைத் தட்டியைப் பல்லால் கடித்து இழுத்து, பெரிய ஓட்டை போட்டது. சில்லென்று காற்று புகுந்ததும் குட்டிகள் கத்தின.

"அண்ணே, தட்டி பிஞ்சுபோச்சு! குட்டிங்க நடுங்குதுங்க. கொஞ்சம் வந்து மறைச்சுப் படுக்கிறீங்களா?"

"குட்டிகளுக்காகன்னா வர்றேன்."

கழுதை தள்ளாடி உள்ளே வந்து ஓட்டையை அடைத்துப் படுத்தது. அதன் முதுகுப் பக்கம் ஆடு வைக்கோலைத் திணித்தது. குட்டிகள் ஓடிவந்து அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் கழுதையின் நடுக்கம் நின்றது. இருமலும் அடங்கியது. ஆட்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"வெளியே கொஞ்சம் குளிராத்தான் இருந்துச்சு" என்றது கழுதை, மெதுவாக.

ஆடு தூங்கிவிட்டதுபோலக் கண்ணை மூடிக்கொண்டது.