வெள்ளிக் கோட்டை

பிடிபட்ட கோட்டையை அப்படியே வெள்ளியில் வார்த்து, வென்ற தளபதிக்குப் பரிசாக நீட்டினார்கள் ஊரார். செய்தவர் கனகசபை ஆசாரி. கல்லுக்குக் கல் குறையவில்லை. கொத்தளத்தில் உட்கார்ந்த காக்கையும் அதன் எச்சமும்கூட இருந்தன. பிழை என்பது தம் பட்டறைக்கு வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்பது ஆசாரியின் எண்ணம்.

தோற்ற ராஜாவின் திவான் அவர் காதருகே சீறினார். "யோவ், வடக்குச் சுவத்து ரகசிய வாசலையுமா வச்சே? உள்ளே ஒளிஞ்சிருக்கிற ராணியம்மா கைக்குழந்தையோட இன்னிக்குச் சாயங்காலம் அது வழியாத்தானேய்யா வெளியேறணும்!"

"இருக்கறதை எப்படிங்க விடுறது?"

தளபதியின் விரல் மதிலைச் சுற்றி வந்து அந்த இடத்தில் நின்றது. "இது என்ன ஆசாரி?"

ஆசாரி கைகூப்பினார். ஏழு தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் ஒருவர் வாயிலும் வராததைச் சொன்னார்.

"தப்புங்க. கை தவறிடுச்சு."

சபை மொத்தமும் விட்ட மூச்சில் வாசல் தோரணம் ஆடியது.

தளபதி குனிந்து கண்ணை இடுக்கினார். "தப்புக்கு எதுக்குய்யா தங்கத்துல தாழ்ப்பாள்?"

கடுகில் பாதிகூட இல்லாத தாழ்ப்பாள். இதுவரை ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. உயிர் போகிற அந்த நேரத்திலும் ஆசாரிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.