தேறாத சுவர்

"சார், உங்க சோதனையில எங்கேயோ தப்பு நடந்திருக்கு. இது உளுத்த கல்லே இல்ல" என்றார் வீட்டை இடிக்கும் மேஸ்திரி. காலையிலிருந்து அவருடைய இரண்டு உளிகள் முனை மழுங்கிக் கிடந்தன.

சோதனைக்காரர் சுவருக்குப் பக்கத்தில் போனார். இந்தச் சுவர்களுக்குப் பலமில்லை என்று ஒரு மாதத்துக்கு முன் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்த ஒரு தாளை வைத்துத்தான் நகராட்சி இடிக்கச் சொன்னது. கூரை போயாயிற்று, மூன்று சுவர்களும் போயாயிற்று. முன்சுவர் மட்டும் பாக்கி.

பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். பெயர்தான் சுத்தியல், பார்வைக்குத் தடித்த டார்ச் லைட் மாதிரி இருக்கும். கல்லில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் எஃகுத் துண்டு மோதித் துள்ளும். எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு கெட்டி. கல்லுக்குச் சேதமே கிடையாது. நாற்பதைத் தொட்டால் சுவர் தேறும். அன்றைக்கு எந்தச் சுவரும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

இன்று பத்து இடத்தில் அழுத்திப் பார்த்தார். நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து. மறுபடியும் நாற்பத்து நான்கு.

"ஒரு மாசத்துல கல்லு டானிக் குடிச்சுத் தேறிடுச்சா சார்?" என்றார் மேஸ்திரி.

"இது மணற்கல். மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ஈரம் நின்னுதுன்னா சுத்தியல் குறைச்சுத்தான் காட்டும். ஆனா அப்ப ரெண்டு மாசமா ஒரு சொட்டு மழை இல்லையே."

அந்தத் தைரியத்தில்தான் ஈரம் பார்க்கும் கருவியை அவர் அன்று பையிலிருந்து எடுக்கவே இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயிலில் யார் எடுப்பார்கள்?

வாசலில் நிழல் தட்டியது. டீச்சரம்மா. முப்பது வருடம் இந்த வீட்டில் தனியாக இருந்தவர். வாசல் கதவை எடுத்துப் போக வண்டியோடு வந்திருந்தார்.

"இப்ப எங்க இருக்கீங்க டீச்சர்?" என்றார் சோதனைக்காரர்.

"என் தம்பி வீட்டு ஹால்ல. எல்லாரும் நல்லவங்கதான் சார். என்ன, விளக்கை எப்ப அணைக்கணும்னு அவங்கதானே சொல்லணும்."

அவரால் டீச்சரம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவி, ஒரு நிமிட வேலை, அதைச் செய்யாமல் போனோமே என்று மனசு அடித்துக்கொண்டது. எங்கிருந்து ஈரம் வந்திருக்கும் என்பதுதான் பிடிபடவில்லை. எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"டீச்சர், அன்னிக்கு நான் போட்ட ரிப்போர்ட்டுல..."

"விடுங்க சார். உங்க வேலையை நீங்க செஞ்சீங்க. குறை என் மேலதான்" என்று டீச்சரம்மா சுவரைத் தடவினார். "நீங்க வர்றீங்கன்னதும் மூணு நாளா குழாய் போட்டு எல்லாச் சுவரையும் கழுவினேன், அழுக்கா இருந்தா மார்க் குறைச்சிடுவீங்களோன்னு. அன்னிக்குக் காலையிலகூடத் தண்ணி அடிச்சு, ஈரம் தெரியாமத் துணியால ஒத்தி எடுத்தேன். இன்னும் ஒரு நாள் சேர்த்துக் கழுவியிருந்தா தேறியிருக்கும், இல்லையா சார்?"