உயரக் கம்பி

"நாள் பூரா நடக்கணும், லேசான செருப்பு போட்டு அனுப்புன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இதென்ன இவ்வளவு கனமான ஷூ?"

லிஃப்ட் மெக்கானிக் வாசலிலேயே பல்லைக் கடித்தான். "என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? இதுதான் வேணும்னு அவதான் ஒத்தக்கால்ல நிக்கிறா" என்று மகளின் பையை நீட்டினாள், ஒரு காலத்தில் அவன் மனைவியாக இருந்தவள். எட்டு வயது மகள் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாகம் செங்கல் மாதிரி இருந்தது.

கோர்ட் அவனுக்கு ஒதுக்கியிருப்பது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. ஊருக்கு வெளியே இருக்கிற அந்தப் பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று மகளிடம் சொல்லி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு லிஃப்ட் நடுமாடியில் நின்று அவன் திட்டத்தில் மண்ணைப் போடும். போன மாதம்கூட ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் அவனுடைய சனிக்கிழமையை முழுங்கிவிட்டது.

இந்த முறை முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். பூங்காவை அவளுக்கு முதன்முதலில் காட்டுகிறவன் தானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பிடிவாதம். காரணம், அந்த வீட்டில் இப்போது இன்னொருவர் இருக்கிறார். சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவர், நீச்சல் பழக்கியதும் அவர். ஆனால் மகள் அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவன் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சர்வீஸ் சீட்டை எடுத்தான். பழுது பார்க்கப் போன இடங்களில் எல்லாம், குழந்தையோடு லிஃப்டில் ஏறியவர்களை மடக்கி விசாரித்து, அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் குறித்து வைத்திருந்தான். ஒரு மாத உழைப்பு.

மகளுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போனதும் ஜனம் மொத்தமும் வலது பக்கம் ஓடும், நாம் இடது பக்கம் திரும்ப வேண்டும். பதினோரு மணிக்கே சாப்பிட்டுவிட்டால், மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது வரிசை காலியாக இருக்கும். தண்ணீர் விளையாட்டு கடைசியில்தான், இல்லாவிட்டால் சாயங்காலம் வரை ஈரத் துணியோடு அலைய வேண்டும்.

"எப்படிப்பா இவ்வளவும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க?" என்று மகள் கேட்டாள். மெக்கானிக்கிற்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு குறிப்பை மட்டும் அவன் படிக்காமல் விட்டுவிட்டான். தலைகுப்புறப் பாய்ந்து வரும் மலை ரயிலில் ஏற நூற்றிருபது சென்டிமீட்டர் உயரம் வேண்டும், வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டுக் கூட்டிப் போகவும் என்று ஒரு பாட்டு டீச்சர் சொல்லியிருந்தாள். மகள் இப்போது எவ்வளவு உயரம் என்று அவனுக்குத் தெரியாது. அளந்து பார்க்க அவள் அவன் வீட்டில் இல்லை.

பூங்கா வாசலில் மகள் அண்ணாந்து பார்த்து, "அம்மாடி, எவ்வளவு பெருசு" என்று வாயைப் பிளந்தாள். அதைப் பார்க்கத்தானே இரண்டு வருஷம் காத்திருந்தான். இடது பக்கம் திரும்பினார்கள். வழியில் ஒரு கல் மீன் திடீரென்று வாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சியதில் இவன் தொப்பலாக நனைந்தான். மகள் எப்படியோ தள்ளி நின்று தப்பித்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். இவனும் சிரித்தான். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவனுக்கே நினைவில்லை.

மலை ரயிலுக்கு ஆளே இல்லை. சீட்டில் எழுதியது பலித்துவிட்டது. படிக்கட்டுக்குப் பக்கத்தில், நூற்றிருபதில் கோடு போட்ட, உயரம் பார்க்கும் கம்பி நின்றது. படிக்காமல் விட்ட குறிப்பு அவனுக்கு நினைவு வந்தது. குறைந்துவிட்டால் குழந்தையை என்ன சொல்லித் தேற்றுவது?

யாரும் சொல்வதற்கு முன்பே மகள் நேராகப் போய்க் கம்பியில் முதுகை ஒட்டி நின்றாள். தொப்பி போட்ட பணிப்பெண் குனிந்து, அவள் தலைமேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"கோட்டைத் தொட்டாச்சு. போகலாம்."

மெக்கானிக்கிற்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டான். ஒரு நாளாவது, ஒரு விஷயமாவது, அவன் நினைத்தபடி நடந்துவிட்டது.

பணிப்பெண் மகளின் ஷூவைப் பார்த்தாள். பிறகு முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடிக் கள்ளி. போன மாசம் ஒரு விரக்கடை குறைஞ்சதுக்கு, 'அப்பா, நீங்க சொல்லுங்கப்பா, என்னை விடச் சொல்லுங்கப்பா'ன்னு இந்தக் கம்பியைக் கட்டிப் பிடிச்சிட்டு அந்த அழுகை அழுத பாப்பாதானே நீ? அதுக்குத்தான் இந்த ஷூவா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் விரல்கள் மெக்கானிக்கின் கையைத் தேடி வந்து இறுக்கிப் பிடித்தன.

பணிப்பெண் அவனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, மகள் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு அங்கிள் கூட்டிட்டு வந்தாரா? அப்பா வரலையா?"