ஆள் பிடித்த குற்றம்

வைதேகி கொடுத்த வேலையைத் தேனுஜா விடவேண்டும். விடாவிட்டால் இரண்டு வருசம் பந்தைத் தொடக்கூடாது. இதைச் சொல்லிவிட்டு சிறீதரன் ஒரு பற்றிஸை எடுத்துக் கடித்தார். அது வைதேகி கொண்டுவந்த பற்றிஸ்.

டோர்ட்மண்ட் தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஜேர்மனியில் வருசா வருசம் வலைப்பந்துப் போட்டி நடத்தும். பழைய மாணவர்களின் பிள்ளைகள் விளையாடலாம். இந்தமுறை வென்றது வைதேகியின் கீழைப்பிட்டிக் கல்லூரி. தோற்றது சிறீதரனின் நாவலோடைக் கல்லூரி. விதிமுறைக் குழுவின் தலைவரும் சிறீதரன்தான். அதில் ஒரு பிழையும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

குழுவில் இன்னும் இரண்டு பேர். மதுரைக்காரரான கோவிந்தராஜன், எந்த யாழ்ப்பாணக் கல்லூரியிலும் படிக்காததால் நடுநிலையாளர். தக்சாயினி, சட்டம் படிக்கிறாள் என்பதால் செயலாளர். அதிகம் வாய் திறக்கமாட்டாள் என்பதும் அவளைத் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம்.

குற்றச்சாட்டு இதுதான். தேனுஜாவின் தாய் கீழைப்பிட்டி, தகப்பன் நாவலோடை. எந்தப் பக்கமும் விளையாடலாம். அவளுக்குத் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங், அதாவது மூன்று வருசத் தொழிற்பயிற்சி கொடுத்து, வைதேகி அவளைத் தங்கள் அணிக்கு இழுத்துவிட்டார்.

"அவள் பந்து விளையாடுவாள் எண்டே எனக்குத் தெரியாது அண்ணை," என்றார் வைதேகி. "மேல்தட்டில இருந்த பெட்டியை ஏணி இல்லாமல் எடுத்தாள். அப்பதான் யோசிச்சன்."

"யோசிச்சனீங்கள்தானே. எழுது தக்சாயினி, ஒப்புக்கொண்டிட்டா."

சுவரோரம் நின்ற தேனுஜாவைத் தக்சாயினி நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்ந்துதான் பார்க்கவேண்டியிருந்தது. அறிவித்தல் பலகையின் மேல்விளிம்புக்குத் தலை முட்டியது. போன வருசம்தான் தாயோடு இந்த ஊருக்கு வந்தவள். கண்ணாடிக் கடைக்கு வருமுன் பல இடங்களில் பயிற்சி கேட்டு எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள் என்று வைதேகி சொன்னதை, விசயத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று சிறீதரன் எழுதவிடவில்லை.

வாக்கெடுப்புக்கு வந்தது. கோவிந்தராஜன் கையைத் தூக்கவில்லை. "சார், அந்தப் பொண்ணோட கரியர் சார் இது. கேம்ல ஜெயிக்கறதெல்லாம் அப்புறம்."

"உங்களுக்கு எங்கட கல்லூரிகளின்ர மானம் விளங்காது தம்பி," என்றார் சிறீதரன். நடுநிலையாளர் வேண்டும் என்று கேட்டு கோவிந்தராஜனைக் கூட்டிவந்ததும் அவர்தான்.

மிஞ்சியது தக்சாயினியின் கை. வேலையோ பரிசோ கொடுத்து யாரையும் அணிக்கு எடுக்கக்கூடாது என்ற விதி தெளிவாக இருந்தது. விதி என்றால் விதி என்றுதான் அவள் படித்திருந்தாள். தேனுஜாவின் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கினாள்.

"வேலையை விடுறியோ, விளையாட்டை விடுறியோ பிள்ளை?" சிறீதரனின் குரலில் பரிவு கூட இருந்தது.

தேனுஜா மேசையில் இருந்த வெற்றிக் கோப்பையைப் பார்த்தாள். "விளையாட்டை விடுறன்," என்றாள்.

தீர்ப்பைச் சிறீதரன் சொல்லச் சொல்லத் தக்சாயினி எழுதினாள். இரண்டு வருசம் விளையாடக்கூடாது என்று அவள் எழுதி முடித்ததும், அவர் குனிந்து பார்த்தார். "கீழைப்பிட்டிக்கு விளையாடக்கூடாது எண்டு போடு," என்றார். சட்டத்தில் வசனம் சுத்தமாக இருக்கவேண்டுமாம். அவள் போட்டாள்.

கூட்டம் கலைந்தது. தக்சாயினி குசினிக்குள் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. நடைபாதையில் சிறீதரனின் குரல் கேட்டது.

"மனம் விடாதை பிள்ளை. கீழைப்பிட்டிக்குத்தான் தடை. அப்பான்ர கல்லூரிக்கு விளையாட ஒரு தடையும் இல்லை."

"நான் அவுஸ்பில்டுங்கை விடேலாது அங்கிள்."

"ஆர் விடச் சொன்னது? கண்ணாடிக் கடையில நிண்டு என்ன காணப்போறாய்? என்ர கணக்கு ஒஃபிஸில ஒரு அவுஸ்பில்டுங் இடம் இருக்கு. நாளைக்கே வந்து கையெழுத்து வை."

தக்சாயினி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"போன வருசம் முதல்முதல் உங்களிட்டத்தானே அங்கிள் வந்தனான்," என்றாள். "அரை மணித்தியாலம் கதைச்சனீங்கள். எங்கட ஆக்களை எடுத்தால் ஒழுங்கா வேலை செய்யாயினம் எண்டு சொல்லி அனுப்பினீங்கள்."

சிறீதரன் கூசவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"நீ அண்டைக்கு முழுக்கக் கதிரையில இருந்தெல்லோ கதைச்சனீ. ஒருக்கா எழும்பி நிண்டிருந்தால் அண்டைக்கே எடுத்திருப்பன் பிள்ளை."