கேட்டியில் சாகும் பிரபு

பத்தாயிரம் ஆங்கில அம்புகளை நெஞ்சில் வாங்கி, அதில் ஒன்றைப் பிடுங்கிப் பல் குத்திய பிரெஞ்சுப் பிரபு நான். அறுநூறு வருஷம் கழித்து, கேட்டி ஊர் சர்ச் ஹாலில், சரித்திர நாடகத்தில் அந்தப் பிரபுவாக வேஷம் கட்டி மூச்சுக்குத் தவிக்கிறேன். ஏசிக் குளிருக்குப் பயந்து இரும்புத் தலைக்கவசத்துக்குள் குரங்குக் குல்லாவும் மாட்டியிருக்கிறேன். அது சுருண்டு மூக்கையும் வாயையும் அடைத்துவிட்டது. கழற்றலாமென்றால் இரும்புக் கையுறைக்குள் விரல் மடங்கவில்லை. கண்துளையில் மேடை விளக்கு மஞ்சள் கோடாக நடுங்குகிறது. டங் டங்கென்று தலையில் அடித்துக்கொள்கிறேன். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. "ஓவர் ஆக்ட் பண்ணாதீங்க, சீக்கிரம் செத்து விழுங்க!" என்று திரை மறைவிலிருந்து என் மனைவி பிலோமினா பல்லைக் கடிக்கிறாள். தடாலென்று விழுகிறேன். அவள் ஓடிவந்து முகத்தகட்டைத் தூக்கிப் பார்க்கிறாள். "ஐயோ, கர்ட்டனைப் போடுங்க! எங்க வீட்டுக்காரரு நிஜமாவே சாகுறாரு!"